அமைதிப் பள்ளத்தாக்கைத் தாங்கும் தோள்கள்

அகளி: கோவையிலிருந்து ஆனைக்கட்டி வழியாக அட்டப்பாடிக்கு வரும் நம்மவர்களுக்கு இங்குள்ள பவானி ஆறு அன்னியமானதல்ல. நீலகிரி மலையில் பிறந்து கேரளத்துக்குள் இறங்கும் இந்த ஆறு, முக்காலி என்னுமிடத்தில் சட்டென்று வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடியைக் கடந்து, மீண்டும் தமிழ்நாட்டுக்கே போய்ச் சேருகிறது. பில்லூர் அணையில் தேங்கிக் கோவை மக்களுக்குக் குடிநீராகிறது. பவானிசாகரில் தேங்கி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது.

இந்த முக்காலிதான் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவின் வாசல். 'சைலண்ட் வாலி' என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காட்டைக் காத்தவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு மாலையும் விருதும் கிடைத்தன. பலரின் பெயர் அவர்களது ஊருக்கு வெளியே எவருக்கும் தெரியாது.

ஆசிரியர்கள் நடத்திய போராட்டம்

காட்டின் நடுவே ஓடும் குந்திப்புழை ஆற்றில், சைரந்திரி என்ற இடத்தில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது என்று கேரள மின்வாரியம் திட்டமிட்டது. 1973-ல் திட்டக் கமிஷன் இதற்கு அனுமதி வழங்கியது. அணை வந்தால் சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு நீரில் மூழ்கும். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு தன் வீட்டை இழக்கும்.

இதை முதலில் மக்களிடம் எடுத்துச் சொன்னவர்களில் பலர் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் கட்டுரை எழுதினார். பையனூர் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர் ஜான் சி. ஜேக்கப் மாணவர்களைத் திரட்டினார். கவிஞர் சுகதகுமாரியும் பிற மலையாள எழுத்தாளர்களும் மேடையேறிக் கவிதை பாடினார்கள். 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தியது. வந்தவர்கள் அனைவரும் தொண்டர்கள், சம்பளம் கிடையாது.

குரங்குக்காக மனிதனை இருட்டில் வைப்பதா என்ற கேள்வி அன்று பலமாக எழுந்தது. வேலையும் வெளிச்சமும் எதிர்பார்த்துக் காத்திருந்த மக்களுக்கு அது நியாயமான கேள்விதான். பரிஷத் அதற்குக் கோபப்படவில்லை. தாவரவியல், மின்சாரம், வேளாண்மை, பொருளாதாரம் அறிந்தவர்களைக் கொண்டு 1979-ல் அறிக்கை ஒன்றைத் தயாரித்து, மலபாருக்கு வேறு வழியில் மின்சாரம் கொடுக்க முடியும் என்று கணக்குக் காட்டியது.

டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதனும் பறவையியல் அறிஞர் சலீம் அலியும் காட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள். எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவும் ஆராய்ந்தது. 1983-ல் பிரதமர் இந்திரா காந்தியின் காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்கா ஆனது. 1985 செப்டம்பர் 7-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார்.

பரிஷத்துக்கு 1996-ல் 'ரைட் லைவ்லிஹுட்' என்ற சர்வதேச விருது கிடைத்தது. சுகதகுமாரிக்கு 2006-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர் 2020 டிசம்பரிலும், பிரசாத் 2022 ஜனவரியிலும் காலமானார்கள்.

அகளியில் ஒரு காடு

அமைதிப் பள்ளத்தாக்கில் வெற்றி கிடைத்ததோடு சுகதகுமாரி ஓய்ந்துவிடவில்லை. மரம் வெட்டப்பட்டு மொட்டையாகக் கிடந்த அட்டப்பாடி மலைகள் அவர் கண்ணை உறுத்தின. அகளிப் பகுதியில் பாழாய்க் கிடந்த குன்று ஒன்றை எடுத்து, அதில் மீண்டும் காடு வளர்க்கும் வேலையில் அவரும் அவரது அமைப்பினரும் இறங்கினார்கள். அதற்குக் 'கிருஷ்ணவனம்' என்று பெயர். குழி தோண்டிக் கன்று நட்டவர்கள் இப்பகுதியின் ஆதிவாசி மக்கள்.

பிறகு 1990-களில் அகளியைத் தலைமையிடமாகக் கொண்டு, 'அஹாட்ஸ்' என்ற அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் ஜப்பானியக் கடனுதவியுடன் வேலை தொடங்கியது. தடுப்பணை, மரக்கன்று, மண் அரிப்புத் தடுப்பு என்று ஊர்க் குழுக்கள் மூலமாகவே பணிகள் நடந்தன.

காவல் நிற்பவர்கள்

பூங்கா என்று பலகை வைத்துவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளாது. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். வேட்டைக்காரர்களையும் கஞ்சா பயிரிடுவோரையும் கண்காணிக்க வேண்டும். மழையில் அட்டை கடிக்க, யானைத் தடத்தில் நடந்து ரோந்து சுற்ற வேண்டும். இந்த வேலைகளில் இருளர், முடுகர், குறும்பர் இனத்தவர் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். எந்த மரம் எப்போது காய்க்கும், குரங்குக் கூட்டம் வெடிப்பலா தேடி எங்கே போகும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். வந்து ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றுப் போனவர்களுக்கு வழி காட்டியவர்களும் இவர்களைப் போன்றவர்களே.

ரயிலில் தூங்கிக்கொண்டு போகும் பயணிக்கு, இரவில் விளக்கைப் பிடித்துத் தண்டவாளம் பார்த்து நடக்கும் கேங்மேனின் பெயர் தெரியாது. காட்டுக் காவலர்களின் கதையும் அதேதான். கேரளத்தில் காட்டுக் காவலர்கள் பலர் தற்காலிகத் தினக்கூலிகளாகவே வேலை பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஆபத்தும் குறைவில்லை. 2022 மே மாதம் சைரந்திரியில் பணியிலிருந்த காவலர் ஒருவர் இரவு உணவுக்குப் பின் காணாமல் போனார். போலீசாரும் வனத்துறையினரும் பல நாட்கள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் பலனில்லை. அவர் வீட்டார் பட்ட வேதனையை எந்த விருதால் ஈடு செய்ய முடியும்?

எது பாராட்டு?

இயற்கையைக் காக்கும் தொண்டர்களுக்குக் கேரள வனத்துறை 'வனமித்ரா' விருது வழங்குகிறது. ராஜஸ்தானில் 1730-ல் மரங்களுக்காக உயிர் கொடுத்த 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் பொன்னாடை ஒரு நாளைக்கு. அடுப்பு தினமும் எரிய வேண்டும். நிரந்தர வேலை, காப்பீடு, காலாகாலத்தில் கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவையும் சேர்ந்தால்தான் அது முழுப் பாராட்டாகும்.

நம்மால் ஆனதும் உண்டு. முக்காலியிலிருந்து சைரந்திரி 23 கிலோமீட்டர். வனத்துறை அனுமதி பெற்று, ஜீப்பில் வழிகாட்டியுடன்தான் போக முடியும். உள்ளூர் மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழு இதில் பங்கு பெற்றிருப்பதால், நாம் கொடுக்கும் கட்டணம் அவர்களுக்கும் பிழைப்பாகிறது. லீவு நாளில் குடும்பத்துடன் போகிறவர்கள், உடன் வரும் வழிகாட்டியின் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவர் சொல்லும் சேதியைக் காது கொடுத்துக் கேட்கலாம். பிளாஸ்டிக் குப்பையைப் போடாமல் திரும்பலாம். பவானித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.