கர்ப்பிணித் தாய்க்குப் புளித்த மா ஆகுமா?



வீட்டில் ஒரு பெண் கர்ப்பமுற்றால் அடுப்படியில் ஆலோசனைகள் பெருகிவிடும். "புளித்தது எதுவும் ஆகாது" என்பார் ஒருவர். "பழஞ்சோறுதான் உடம்புக்குக் குளிர்ச்சி" என்பார் மற்றவர். எது சரி?

யாழ்ப்பாணத்துத் தோசையும் அப்பமும் மோரும் பழஞ்சோறும் புளிப்பால் பக்குவமாகின்றவை. அரிசியிலும் உழுந்திலும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருளொன்று உண்டு. இரவு முழுவதும் மா புளிக்கையில் அதில் ஒரு பகுதி சிதைகிறது. இரும்புச்சத்து உடலில் சேர்வது இலகுவாகிறது.

கர்ப்பிணிக்கு இது பேருதவி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முற்றினால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம்; பிரசவத்தில் இரத்தம் போவதைத் தாயால் தாங்க முடியாமலும் போகலாம்.

ஆனால் தோசையை நம்பிக் குளிசையைக் கைவிட்டுவிடாதீர்கள்! கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசைகளின் இடத்தை இந்த உணவுகள் நிரப்பமாட்டா. உண்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

பக்குவமும் முக்கியம். பழஞ்சோற்றுக்குக் கொதித்தாறிய நீரையே ஊற்றி, மூடி வைத்து, காலையிலேயே உண்ணுங்கள். வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். தயிர் காய்ச்சிய பாலில் உறையிட்டதாக இருக்கட்டும். காய்ச்சாத பாலில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்னும் கிருமி கருவையே கலைத்துவிடலாம்.

இன்னொன்று. அப்ப மாவுக்குப் பனங்கள் விடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு. நமக்கு அது வேண்டாம். ஈஸ்ட் சேர்த்தாலே மா நன்கு பொங்கும். கடை அப்பத்தைக் கேட்டறிந்து வாங்குங்கள். அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி. கர்ப்ப காலத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது மருத்துவமும்.

அதற்காகப் புளிப்பையே வெறுக்க வேண்டியதில்லை. உலர்ந்த திராட்சை ஊறிய நீரை நபி (ஸல்) அவர்கள் அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள். மிஞ்சினால் பிறருக்குக் கொடுக்கவோ கொட்டவோ சொல்வார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஊறியது ஆகும், போதையாக மாறுமுன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாமிமாரே! எல்லோரும் உண்டு மிஞ்சியதுதான் மருமகளுக்கு என்றிருக்க வேண்டாம். சூடான தோசையை முதலில் அவள் தட்டில் வையுங்கள். குளிசை போட்டாளா என்றும் கேளுங்கள்.