சிறு வியாபாரமும் எழுத்தின் காப்பும்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவருட் பலர் உத்தியோகத்தை நாடுவர். சிலர் வியாபாரத்தை நாடுவர். பின்னவர்க்கு முதலும் முயற்சியும் வேண்டுமென்பதை யாவரும் அறிவர். தேடிய முதலைக் காத்தற்குச் சட்ட அறிவும் சிறிது வேண்டுமென்பதைப் பலர் நட்டமடைந்த பின்னரே உணர்கின்றனர். இலங்கைச் சட்டம் சிறு வியாபாரிக்கு அளிக்கும் காப்புப் பெரும்பாலும் எழுத்தைப் பற்றி நிற்பது. அதனை நான்கு வகையில் விளக்குவாம்.

முதலாவது, கடைக்கடன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் கடைக் கணக்கிலுள்ள கடனுக்கும், கடன் இறுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். சித்திரையில் இறுக்கவேண்டிய மா மூடையின் விலையை, “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்று கேட்டு, மறு சித்திரையுங் கழிந்த பின் நீதிமன்றை நாடினால், கடன்பட்டவர் காலங் கடந்ததெனச் சொல்லித் தப்பலாம். வாய்ச்சொல்லால் “தருவேன்” என்றது காலத்தை நீட்டாது. கடனை ஏற்று அவர் கையொப்பமிட்ட எழுத்தாயினும், அவர் செலுத்திய ஒரு பகுதிப் பணமாயினும் இருந்தால் காலம் புதிதாய்த் தொடங்கும். அத்தொகைக்கு வாக்குறுதிச் சீட்டு வாங்கினால் ஆறாண்டு கிடைக்கும்.

வியாபாரி தானே எழுதிய கடன் கொப்பி போதாதோ எனின், தனியே போதாது. ஒழுங்காய் எழுதப்பட்ட கணக்கைச் சாட்சியச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதனை மாத்திரம் கொண்டு ஒருவரைக் கடனாளியாக்க விடாது. ஆதலின், பொருள் கொடுக்கும் பொழுதே பெற்றவரின் கையொப்பத்தைப் பெறுதல் நன்று.

இரண்டாவது, கூட்டு வியாபாரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுத்தற் கட்டளைச்சட்டம், முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்படின் பங்குடன்படிக்கை எழுத்திலிருந்து பங்காளிகளாற் கையொப்பமிடப்படல் வேண்டும் என்கின்றது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு மேற்படாத முதல் எங்குண்டு? எழுத்தில்லாத பங்காளி தன் பங்கைக் கோரி வழக்கிடுதல் அரிது. ஆனாற் கடன் கொடுத்தவர்களோ, நடந்த செயல்களைக் காட்டி அவனைப் பங்காளியென்றே நிறுவலாம். இலாபத்திற் பங்கில்லை, கடனிற் பங்குண்டு என்னும் நிலை அவனுக்கு நேரும். அக்கடனுக்கு அவன் வீடும் வளவுங்கூட ஈடாகலாம். அதற்கு அஞ்சுவோர்க்கு, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் தனியொருவரும் வரையறுத்த பொறுப்புடைய கம்பனி அமைக்க இடந் தந்துள்ளது.

மூன்றாவது, கடையிருக்கும் இடம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதியாக முடிக்கப்பட்டாலன்றிச் செல்லாது. ஐந்தாண்டென்று வாய்ப்பேச்சிற் பேசிக் கடையைத் திருத்திப் பெருஞ் செலவு செய்தோன், அவ்வைந்தாண்டையுஞ் சட்டப்படி கோர இயலாது. முடித்த உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதிதலும் அவசியம்.

நான்காவது, வியாபாரப் பெயர். தன் சொந்தப் பெயரல்லாத பெயரில் வியாபாரஞ் செய்வோர் அதனைப் பதிதல் வேண்டும். இப்போது பிரதேச செயலகங்களில் இது நடைபெறுகின்றது. ஆயினும் இப்பதிவு அப்பெயரைத் தனியுடைமை ஆக்காது. பொருளின் குறியைப் பிறர் கவராமற் காக்க விரும்புவோர், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகப் பதியலாம். அப்பதிவு பத்தாண்டு நிற்கும், பின்னும் புதுப்பிக்கலாம்.

இவையெல்லாம் அறிந்தும் பலர் எழுதாமல் விடுவதற்குக் காரணம் முகத்தாட்சணியமே. உறவினரிடங் கையொப்பங் கேட்பது அவரை ஐயுறுவதாகுமென்று நாணுகின்றனர். உண்மையில் எழுத்து இருவர்க்கும் பொதுவான நினைவு. கொடுத்தவர் மறைந்த பின் அவர் மனைவி மக்கள் எதைக் கொண்டு கேட்பர்? உறவைக் கெடுப்பது எழுத்தன்று. எழுதாது விட்ட கணக்கே. வியாபாரத்திற் புகும் இளைஞர் கடை திறக்கும் முதல் நாளிலேயே ஒரு நியாயவாதியைக் கலந்து, இவ்வெழுத்துக்களை ஒழுங்கு செய்து கொள்வாராக.