ஓடாத காரும் கெடும்

மாணவர்களே, ஆவூரில் மாட்டு வண்டி வைத்திருந்தோர் அச்சுக்கு வண்டிமை இடத் தவறார். பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பேணுவோருக்கும் அக்கவனம் வேண்டும். பழங்கார்கள் பலவற்றைக் கோவையில், 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் காணலாம். வீட்டில் வைத்துப் பேணுவதோ வேறு கலை.

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி. டி.சி. காரை எடுத்துக்கொள்வோம். தகட்டின் உள்ளே இருப்பது மரச்சட்டம். ஈரம் பட்டால் உளுத்துப்போகும். பழுதாகுமென்று அஞ்சிப் பூட்டிவைத்தாலோ, தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் கலந்த எண்ணெய் எளிதில் கொதித்து ஆவியாகும். திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும். ஆவியோ சுருங்கிக் கொடுக்கும். அப்போது மிதித்த பிரேக் பிடிக்காது! ஆகவேதான் அறிந்தோர் ஓடாத காருக்கும் குறித்த காலத்தில் அவ்வெண்ணெயை மாற்றுகின்றனர். மெருகிடும் ஆர்வத்தில் பாதியை இதற்குக் காட்டினாலே போதும்.