ஆக்லாந்தில் ஒரு சுவர் எழும்பும் விதம்

ஆக்லாந்தில் இன்று கட்டப்படும் ஒரு சாதாரண வீட்டின் வெளிச்சுவரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். அறைப் பக்கம் 10 மி.மீ. ஜிப்சம் பலகை. அதன் பின்னால் 90க்கு 45 மி.மீ. அளவில் ரேடியாட்டா பைன் மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே குளிர் தடுக்கும் பஞ்சு. அதற்கு வெளியே, மழைநீரை உள்ளே விடாமல் நீராவியை மட்டும் வெளியேற்றும் மெல்லிய உறை. பிறகு 20 மி.மீ. வெற்றிடம். கடைசியாகத்தான் தெருவிலிருந்து கண்ணில் படும் மரப்பலகை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் இருபுறப் பூச்சையும் பார்த்துப் பழகிய நமக்கு இதைச் சுவர் என்று ஒப்புக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இதே சுவரை ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் போட இரண்டு இணைகோடுகள் போதும். ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ வரைவாளர் படிப்பு முடித்த யாரும் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்தக் கோடுகள் சுவரைக் குறிக்கின்றன என்பது வரைந்தவருக்குத் தெரியும், படிக்கும் கொத்தனாருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அவை வெறும் கோடுகள். முப்பரிமாண மென்பொருளில் சுவர் என்று ஒன்றை வைத்தால் அதன் நீளம், உயரம், அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கின் தடிமன், பொருள் எல்லாமே அதற்குள் பதிவாகும். சன்னல் வைத்தால் சுவர் தானே துளைபட்டுக்கொள்ளும். சன்னலை ஓரடி நகர்த்தினால் பிளானிலும் எலிவேஷனிலும் செக்‌ஷனிலும் சன்னல் அட்டவணையிலும் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடும். நான்கு தாள்களில் நான்கு முறை திருத்தி, ஐந்தாவதில் மறந்துபோகும் பழைய தொல்லை இல்லை.

இந்த எண்ணம் கணினி வரைகலையின் பிறப்பிலேயே இருந்தது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட வைத்தது மட்டுமல்ல. ‘இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும்’ என்று சொன்னால் அதை நினைவில் வைத்துக்கொண்டு கடைப்பிடித்தது. அதே ஆண்டு அங்கேயே திமதி ஜான்சன் அதை முப்பரிமாணத்துக்கு நீட்டினார். 1970களின் நடுவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற கட்டடக்கலைஞர், கட்டடத்தை ஒரு தகவல் தொகுப்பாகவே கணினியில் வைக்கலாம் என்று எழுதினார். ஆனால் அலுவலக மேசைக்கு முதலில் வந்தது 1982இல் வெளியான ஆட்டோகேட்தான். அது டிரேசிங் பேப்பரையும் மினி டிராஃப்டரையும் திரைக்கு மாற்றியது. நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் பெரும்பாலானவை அந்தப் படியிலேயே நீண்டகாலம் நின்றுவிட்டன.

நியூசிலாந்து வேறு வழியில் போயிற்று. அங்குள்ள கட்டடக்கலை அலுவலகங்கள் பலவற்றில் புழங்குவது ஆர்க்கிகேட். இதன் பிறப்பிடம் அமெரிக்கா இல்லை, ஹங்கேரி. 1982இல் புடாபெஸ்டில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம், கம்யூனிச ஆட்சியில், நல்ல கணினியே கையில் கிடைக்காத காலத்தில், பாக்ஷ் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் வரையும் வேலையை எடுத்துச் செய்து வளர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் குழாய்கள் எங்கே முட்டும் என்று தட்டையான வரைபடத்தில் தெரியாது; அந்தச் சிக்கல்தான் மென்பொருளைப் பெற்றெடுத்தது. ஆக்லாந்தின் சுரங்க ரயில் பாதையான சிட்டி ரயில் லிங்க் திட்டத்திலும், நகரத்துக்கு அடியில் 3.45 கி.மீ. இரட்டைச் சுரங்கம் போகும் வழியையும் நிலையங்களையும் இதே காரணத்துக்காக முப்பரிமாண மாதிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். இதே வகை மென்பொருளான ரெவிட் 2000இல் வந்தது, இரண்டே ஆண்டில் ஆட்டோகேடை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அதே 2000இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இருந்து ஸ்கெட்சப் வந்தது.

ஸ்கெட்சப்பில் தொடங்குவது எளிது. ஒரு செவ்வகம் போட்டு அதைப் பிடித்து மேலே இழுத்தால் பெட்டி எழும்பிவிடும். பத்து வயதுப் பிள்ளைகூட மாலைக்குள் ஒரு வீடு கட்டிவிடும். ஆனால் அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. முனைகள், அவற்றை இணைக்கும் விளிம்புகள், விளிம்புகளுக்கு நடுவே தடிமனே இல்லாத முகங்கள். வடிவம் தேடும்போது அது போதும், கட்டும்போது போதாது. கற்பவர்களில் நிறைய பேர் இந்த இடத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். புல்வெளியும் மாலை வெயிலும் சேர்த்து ரெண்டர் செய்த படத்தைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ரெண்டர் பொத்தானைக் கடைசிவரை தொடவிடாமல், முதலில் செக்‌ஷன் வெட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்பதற்கு ஆக்லாந்தே சாட்சி. 1980களின் கடைசியில் தொடங்கி 2000களின் நடுப்பகுதிவரை நியூசிலாந்தில் கட்டப்பட்ட ஏராளமான வீடுகள் மழைநீர் புகுந்து உள்ளுக்குள் அழுகின. கசியும் வீடுகள் நெருக்கடி என்று அதைச் சொல்கிறார்கள். அவை மத்தியதரைக் கடல் ஊர்களின் சாயலில் வழவழப்பான பூச்சுச் சுவர், சுவரைத் தாண்டி நீளாத கூரை, தட்டை மாடி, துருத்தி நிற்கும் பால்கனி என்று பார்க்க அழகாகக் கட்டப்பட்டவை. பூச்சுக்குப் பின்னால் காற்றிடைவெளி விடவில்லை. சட்டங்களுக்கு மருந்து ஏற்றாத மரத்தைப் பயன்படுத்தவும் 1990களில் விதிகள் இடம் கொடுத்திருந்தன. சன்னல் மூலையில் மயிரிழை விரிசல் விட்டால் உள்ளே போன நீருக்கு வெளியேற வழி இல்லை. சென்னையிலும் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, ஆனால் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும்; பிறகு வெயில் காயவைக்கும். ஆக்லாந்தின் 1,100 மி.மீ. சொச்சம் ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. நனைந்த மரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

2002இல் டான் ஹன் தலைமையிலான குழு இந்தக் கசிவைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 2009இல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000 என்றும், செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்றும் மதிப்பிட்டது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடு கண்ணெதிரே பூஞ்சை பிடிப்பதைப் பார்த்த குடும்பங்கள் அவை. நீர் புகுந்த இடங்களைப் பாருங்கள்: கூரை சுவரைத் தொடும் இடம், பால்கனி சுவரைத் துளைக்கும் இடம், கைப்பிடிச்சுவரின் தலை, சன்னலின் அடிமூலை. எல்லாமே இரண்டு பொருள்கள் சந்திக்கும் மூட்டுகள். பிளானிலும் எலிவேஷனிலும் இவை ஒரு கோடாகவோ புள்ளியாகவோ மறைந்துவிடும்.

அதன் பிறகு விதிகள் இறுகின. கட்டடத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் காற்றின் வேகம், மாடிகளின் எண்ணிக்கை, கூரையும் சுவரும் சேரும் விதம், கூரை எவ்வளவு வெளியே நீள்கிறது, வெளிவடிவம் எவ்வளவு சிக்கலானது, மேல்தளத் திண்ணை எப்படி இருக்கிறது என்று ஆறு கேள்விகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏறக் காற்றிடைவெளி கட்டாயமாகும். 20ஐத் தாண்டினால் வழக்கமான விவரப்படம் செல்லாது, தனியாக வடிவமைத்து நிரூபிக்க வேண்டும். இன்று ஆக்லாந்தில் மாதிரி செய்யக் கற்கும் மாணவர் இந்த மதிப்பெண்ணோடு சேர்த்தேதான் மென்பொருளைக் கற்கிறார்.

ஆர்க்கிகேடில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. இரண்டு சுவர்கள் மூலையில் சந்தித்தால் எண் பெரிதான பொருள் சிறியதை வெட்டிக்கொண்டு போகும். மரச்சட்டத்தைவிட ஜிப்சம் பலகைக்குப் பெரிய எண் கொடுத்துவிட்டால், பலகை சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே நீட்டி நிற்பது செக்‌ஷனில் தெரியும். புதியவர்கள் அதைப் பார்த்ததும் மென்பொருள் கோளாறு என்று அதன் மேல் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டி மறைக்கப் பார்ப்பார்கள். அங்கே நின்று, எது முதலில் நிறுத்தப்படுகிறது, எது அதன் மேல் அறையப்படுகிறது, உறை எந்தப் பக்கமாக மடிகிறது என்று யோசிக்கிறவருக்குக் கட்டட வேலையின் வரிசை புரியத் தொடங்குகிறது. எண்ணைச் சரிசெய்ய, தச்சர் எந்த வரிசையில் ஆணி அடிப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலும் இப்படித்தான். ஆக்லாந்து தெற்கே சுமார் 37 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கில் நிற்கும். ஜூன் மாத நண்பகலில் அது தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகைதான் ஏறும். 5 மீட்டர் உயரச் சுவரின் நிழல் அப்போது தெற்கே கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளும். சென்னையில் டிசம்பர் நண்பகலில்கூட அதே சுவரின் நிழல் 4 மீட்டரைத் தொடாது. அதனால் அங்கே வடக்கு பார்த்த கூடம்தான் எல்லாரும் விரும்புவது. நமக்கு இதமான தெற்குக் காற்று அங்கே குளிரைக் கொண்டு வருகிறது. மென்பொருளில் இடம், தேதி, நேரம் கொடுத்தால் அட்சரேகையிலிருந்து சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டு நிழலைப் போட்டுக் காட்டும். இடத்தைக் கொடுக்க மறந்தால், ஸ்கெட்சப் தன் பிறந்த ஊரான போல்டரின் வெயிலையே காட்டிக்கொண்டிருக்கும். வட அரைக்கோளத்து வெயிலை நம்பி ஆக்லாந்து வீட்டின் படுக்கையறையை வைத்தால், அங்கே குளிர்காலம் முழுக்க ஒரு கதிர்கூட விழாது.

பக்கத்து வீட்டுக்காரரின் வெயிலையும் சட்டம் காக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த ஆக்லாந்து யூனிட்டரி பிளான் என்ற நகரத் திட்டம் தனிவீட்டு மண்டலத்துக்கு எழுதிய விதிப்படி, எல்லைக்கோட்டில் நிலமட்டத்திலிருந்து 2.5 மீட்டர் மேலே போய், அங்கிருந்து 45 பாகையில் உள்நோக்கி ஒரு சாய்தளத்தைக் கற்பனை செய்ய வேண்டும். வீடு அதற்குள் அடங்க வேண்டும். எல்லையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கும் சுவர் 3.5 மீட்டர்தான் உயரலாம். சமதளத்தில் இது பள்ளிக்கூட வடிவியல். ஆக்லாந்தின் மனைகளோ மேடும் பள்ளமுமானவை. நிலம் இறங்கினால் சாய்தளமும் கூடவே இறங்கும். தாளில் வரைபவர் பத்து இடத்தில் செக்‌ஷன் வெட்டிப் பார்த்தாலும் பதினோராவது இடத்தில் கூரையின் மூலை துருத்திக்கொண்டிருக்கலாம். விமானத்திலிருந்து லேசர் கதிர்களைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து எடுத்த நில உயரங்களை மாதிரியில் இறக்கி, அதன் மேல் சாய்தளத்தைச் சிவப்புக் கண்ணாடி போல வைத்தால், துருத்தும் மூலை பளிச்சென்று வெளியே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய கண்ணாடிகளும் நகரத்தின் மேல் விரிந்திருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் உள்ள களத்தில் கட்டப்பட்ட நகரம் ஆக்லாந்து. குறிப்பிட்ட பொது இடங்களிலிருந்து அந்த மலைகள் மறையாமல் தெரிய வேண்டும் என்று 1970களில் இருந்தே சட்டம் பாதுகாத்து வருகிறது. ஹார்பர் பாலத்தின் பழைய சுங்கச்சாவடிப் பக்கத்திலிருந்து 196 மீட்டர் உயரமுள்ள மௌங்காஃபாவ் மலையை நோக்கும் பார்வைப் பாதை அவற்றில் பேர்போனது. பார்க்கும் இடத்திலிருந்து மலையை நோக்கி நீளும் அந்தத் தளத்தை எந்தக் கட்டடமும் துளைக்கக் கூடாது. மாவோரி மக்களுக்கு மூதாதையராகவே விளங்கும் மலைகளின் காட்சியை இப்படிக் கன அளவாக்கிச் சட்டத்தில் எழுதியதை நான் மனதார மதிக்கிறேன். நம் கோபுரங்களைச் சுற்றி எழும் கட்டடங்களுக்கும் இப்படி ஒரு தளம் வரையறுத்திருந்தால் பல ஊர்களின் வானம் வேறாக இருந்திருக்கும்.

மாதிரிக்கும் எல்லை உண்டு. சன்னல் தலையில் மடித்து வைக்கும் தகடு ஒரு மி.மீ.கூட இருக்காது, முழு வீட்டு மாதிரியில் அதை யாரும் வைப்பதில்லை. மாதிரியிலிருந்து வெட்டிய செக்‌ஷனின் மேல், ஐந்தில் ஒரு பங்கு அளவில், தகடும் சீலன்டும் நீர் வடியும் ஓட்டையும் கையால்தான் வரையப்படுகின்றன. தகடு எந்தத் திசையில் மடியும் என்று மென்பொருள் சொல்லித் தராது.

கோவையிலும் சென்னையிலும் இருக்கும் வரைவாளர்கள் பலர் கடல் கடந்த அலுவலகங்களுக்கு மாதிரி செய்து கொடுக்கிறார்கள். நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணிநேரம், அங்கே கோடையில் ஏழரை மணிநேரம் முந்தியது. அங்குள்ளவர்கள் மாலை அனுப்பும் குறிப்பு நம் முற்பகலிலேயே கைக்கு வந்துவிடும், அவர்கள் விடிந்து எழும்போது வேலை முடிந்திருக்கும். கை வேகத்தில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மரச்சட்டச் சுவரைத் தொட்டே பார்க்காமல் அதை நாள்தோறும் வரைகிறார்கள், பயிற்சி மையங்கள் கட்டளைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பாடத்தின் முதல் வாரத்தில் ஒரு மீட்டர் நீளச் சுவர்த்துண்டை, சட்டம், உறை, இடைவெளி, பலகை என்று உண்மையான மரத்தில் அவர்களையே அறைந்து கட்டவைத்து, மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று பார்த்த பிறகு கணினியைத் திறக்கச் சொல்ல வேண்டும். பெரிய செலவில்லை, ஒரு தச்சரின் ஒரு நாள் கூலியும் கொஞ்சம் மரமும் போதும்.