பின்னால் வருபவருக்கும் ஓய்வு வேண்டும்!

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் சைக்கிளில் புறப்படுகிறார்கள் இருவர். கணவன்-மனைவியாக இருக்கலாம், அண்ணன்-தம்பியாக இருக்கலாம். ஒருவருக்குக் காலில் வலு அதிகம்; மற்றவருக்குக் குறைவு.

முந்தல் வரை தொல்லை இல்லை. அதைத் தாண்டினால் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள். சண்டை இங்கேதான் ஆரம்பம்!

வலுவுள்ளவர் விறுவிறு என்று மேலே போய்விடுகிறார். இரண்டு வளைவு தள்ளி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கீழே தெரியும் ஊரைப் பார்த்து ரசிக்கிறார். மற்றவர் மூச்சு வாங்க வந்து சேருகிறார்.

"வந்தாச்சா? சரி, கிளம்பு!"

ஓய்வு தேவைப்படாதவருக்குப் பத்து நிமிட ஓய்வு. தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை! இப்படி நாலு வளைவு நடந்தால், அதோடு அந்த ஜோடியின் சைக்கிள் பயணம் முடிந்தது. இது எந்த ஊர் மலையிலும் நடக்கிற கதைதான்.

சமதரையில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது. அங்கே வேகமாகப் போகும்போது பெரிய எதிரி, காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குச் சிரமம் நன்றாகக் குறையும். மலையிலோ வேகம் மணிக்கு ஏழெட்டு கிலோ மீட்டர்தான். காற்று ஒரு பொருட்டல்ல, எடைதான் எதிரி.

கணக்குப் பார்க்கலாம். போடியிலிருந்து மேடு வரை ஏறவேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து ஒவ்வொருவரும் 75 கிலோ. ஒருவர் காலின் சக்தி 150 வாட். மற்றவருக்கு 75 வாட். எடையைத் தூக்க மட்டும் முதலாமவருக்கு 82 நிமிடம். அடுத்தவருக்கு 163 நிமிடம். மெதுவாக வருபவரின் 5 கிலோ மூட்டையை வேகக்காரர் வாங்கிக்கொள்ளட்டும். 87 நிமிடம், 152 நிமிடம் என்று ஆகிவிடும். இடைவெளியில் கால் மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது! புத்திமதி சொல்வதைவிட மூட்டையை வாங்கிக்கொள்வது மேல்.

வேகம் குறைந்தவரை முன்னால் விட வேண்டும். அவர் போகிற வேகமே பயணத்தின் வேகம். பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது. ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். இடப்புறம் திரும்பும் வளைவு ஏறுகிறவருக்கு மிகச் செங்குத்து. அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கம் என்ன?

நீண்ட பயணம் சேர்ந்து போன தம்பதிகள் உண்டு. அமெரிக்காவின் பானி புல்லக் வொர்க்மனும் கணவர் வில்லியமும் 1890-களின் கடைசியில் இந்தியாவின் தென்பகுதியிலிருந்து இமயம் வரை சைக்கிளில் சுற்றினார்கள். கணவர் 12 வயது மூத்தவர். உடல்நலக் குறைவால் மருத்துவத் தொழிலை விட்டவர்! 1904-ல் இருவரும் சேர்ந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார்கள்.

மேட்டை அடைந்தால் கேரள எல்லை. இறக்கத்தில் நிலைமை தலைகீழ். கனமானவர் தானாகவே வேகமாக உருளுவார். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. புலியூத்துப் பக்கம் சாரல் அடித்தால், இருவருமே இறங்கி, மழை விடும்வரை நிற்பதுதான் சரி.