தூக்குமேடை வரைக்கும் கேள், மருமகனே

“இதுக்கா மாமா அந்தக் காலத்துல பயந்தாங்க?”

பினாங்கின் பாலிக் புலாவ் சந்தைப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள், ஆலிஸ் கூப்பரின் ‘கில்லர்’ ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளை ஃபோனில் கேட்டுவிட்டு மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். இன்றைய மெட்டல் உறுமலுக்குப் பழகிய காதுக்கு இந்த கிட்டார்கள் சாதுவாகத்தான் ஒலிக்கும். ஆனால் அவன் கேட்டவை இசைத்தட்டின் முதல் பக்கத்துப் பாட்டுகள். இந்த ஆல்பத்தில் பயமுறுத்துவது கதை. அது இரண்டாம் பக்கத்தில்தான் முகம் காட்டும்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் வின்சென்ட் ஃபர்னியர். 1948-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகன். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து அமைத்த குழுவுக்கும் ஆலிஸ் கூப்பர் என்றுதான் பெயர். மேடையில் மிரட்டுவதை இவர்கள் தொடங்கி வைக்கவில்லை. 1950களிலேயே ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்துவந்து பாடியிருக்கிறார். அது ஒரு நொடித் திடுக்கிடல். அதை நீட்டி, தொடக்கமும் முடிவும் உள்ள நாடகமாக்கியது கூப்பர் குழு. கூடவே இருந்து வடிவம் கொடுத்தவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். 1971 நவம்பரில் ‘கில்லர்’ வந்தபோது அவருக்கு வயது 22. எட்டு வருடம் கழித்து பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ உருவானதிலும் அவர் பங்கு உண்டு.

எட்டே பாட்டுகள், ஏறக்குறைய 37 நிமிடம். ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ஏறி இறங்கி இங்கே வரும் வழியில் முழுதாகக் கேட்டுவிடலாம். ‘அண்டர் மை வீல்ஸ்’ துள்ளலான ராக், அவ்வளவுதான். ‘ஹேலோ ஆஃப் ஃப்ளைஸ்’ எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். எங்களுக்கும் வாசிக்கத் தெரியும் என்று குழு மார்தட்டும் இடம் அது, நன்றாகவே தட்டுகிறார்கள். ‘டெஸ்பராடோ’வில் வயலின்களுக்கு நடுவே துப்பாக்கிக்காரன் ஒருவன் பேசத் தொடங்குகிறான். கொலைகாரனின் குரல் அங்கே முதலில் தலைநீட்டுகிறது. இரண்டாம் பக்கத்தில் ‘யா, யா, யா’ இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்கு அடுத்து வருவதுதான் ‘டெட் பேபீஸ்’. பெயரைக் கேட்டே பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். டென்னிஸ் டனவேயின் பேஸ் கிட்டார் தனியாக, அவசரமில்லாமல், இருட்டில் படி இறங்குவதுபோல் தொடங்கும். அப்பன் எங்கோ தூரத்தில். அம்மா இரவானால் மதுக்கடையில். கவனிக்க ஆளில்லாத பெட்டி என்ற சிறுமி, அலமாரியில் இருந்த ஆஸ்பிரின் மாத்திரைகளை எடுத்துத் தின்று செத்துப்போகிறாள். இதுதான் பாட்டு. கோரஸ் வரும்போது மெட்டு விரிந்து, நம்மையும் சேர்ந்து பாட இழுக்கும். பாதி பாடியபிறகுதான் எதைப் பாடுகிறோம் என்று உறைக்கும். பெற்றோரின் அலட்சியத்தை இவ்வளவு கடுமையாகக் குற்றம் சாட்டிய ராக் பாட்டு வேறொன்று எனக்குத் தெரியாது. மேடையில் கூப்பர் ஒரு பொம்மையைக் கோடரியால் வெட்டுவார். அந்த வெட்டு பாட்டை மறைத்துவிட்டது என்பது என் வருத்தம். கோடரியைப் பார்த்தவர்கள் சிறுமி பெட்டியை மறந்தார்கள்.

ஆனால் அந்த வெட்டுக்குத் தண்டனை உண்டு. கடைசிப் பாட்டான ‘கில்லர்’ கொலைகாரனைத் தூக்குமேடைக்கு நடத்திச் செல்கிறது. ஆர்கன் ஒலி, முரசு, மேடைப் பலகை விலகும் சத்தம், பிறகு காதைக் குடையும் இரைச்சல். கச்சேரிகளிலும் கூப்பரைத் தூக்கில் போட்டுக் காட்டினார்கள். முதலில் அச்சான இசைத்தட்டு உறையோடு அவர் தூக்கில் தொங்கும் படம் போட்ட 1972-ஆம் ஆண்டு நாள்காட்டியே வந்தது.

தமிழருக்கு இது புரியாத இலக்கணமா? தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில் படுகளம் நடக்கும். மண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார், சிவப்பு நீர் பீறிடும், விரிந்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். பிள்ளைகளும் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அங்கே யாரும் இரத்தத்தைக் கொண்டாடுவதில்லை. சபையில் நடந்த அநியாயத்துக்குக் கணக்குத் தீர்வதைப் பார்க்கிறார்கள். கூப்பர் மேடையிலும் கெட்டவன் தப்பித்துப் போவதில்லை. போதகர் வீட்டுப் பிள்ளைக்குப் பாவமும் தண்டனையும் எவ்வளவு பழகிய பாடம் என்று யோசித்துப் பார்.

பயந்தவர்கள் பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான் பயந்தார்கள். 1973-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ஆப்ஸ் இந்தக் குழுவை நாட்டுக்குள் விடவே கூடாது என்றார். நம் மலேசியாவிலும் 1992-ல் நீளமுடி ராக் பாடகர்களுக்கு அரசு வானொலி-தொலைக்காட்சியான ஆர்டிஎம் கதவடைத்தது. ‘சர்ச்’, ‘விங்ஸ்’ ராக் குழுக்காரர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். தலைமுடியை அளந்தவர்கள் பாட்டு என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து கேட்டிருந்தால், பிள்ளைகளோடு பேச அவர்களுக்கு நிறைய விஷயம் கிடைத்திருக்கும்.

அதனால் மருமகனே, பாட்டுகளைக் கலைத்துப் போடாதே. ‘டெட் பேபீஸ்’ஸில் டனவேயின் பேஸ் தெளிவாகக் கேட்க இயர்ஃபோன் வேண்டும், இந்த ஃபோன் ஸ்பீக்கர் போதாது. ‘கில்லர்’ முடிந்ததும் செயலி தானாக வேறொரு பாட்டுக்குத் தாவும். அந்த வசதியையும் அணைத்துவை. பிடித்திருந்தால் அடுத்து 1973-ன் ‘பில்லியன் டாலர் பேபீஸ்’. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது, இன்னும் பளபளப்பானது. எனக்கென்னவோ ‘கில்லர்’தான் ஒரு படி மேல்.