உங்களுக்குத் தெரியுமா? மைக் இல்லாவிட்டாலும் பத்து மணிதான்!
தூங்கா நகரமான மதுரையிலும் இரவு 10 மணிக்கு மேல் சத்தத்துக்குத் தூங்கும் நேரம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. "மைக்கே கட்டலையே, வெறும் தவில்தானே?" என்று அங்குள்ள ஆரப்பாளையம் திருவிழாக் கமிட்டி தப்பிக்க முடியாது. 2010-இல் வந்த திருத்தம் இசைக்கருவிகளையும் சேர்த்துக்கொண்டது. அரங்கம், மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு.

திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கிடையாது. இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் கடைசிக் குத்துப் பாட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது!

இரவில் ஒலி வரம்பு குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு! பேருந்து நிலையம், கடை, வீடு எல்லாம் ஒட்டிக் கிடக்கும் ஆரப்பாளையம் போன்ற இடம் எந்த வகை? அதை அதிகாரிகள்தான் வகைப்படுத்த வேண்டும். ஆனால் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே இரவு வரம்பு 40.